கடற்கரைக்குப் போகும் கறிக்குழம்பு

அரசுக் காலண்டரில் காணும் பொங்கல் தேதிக்கு நேரே ‘உழவர் திருநாள்’ என்று போட்டிருக்கும். சென்னையில் அன்றைக்கு வயல் பக்கம் எட்டிப் பார்ப்பவர் யாரும் இல்லை. ஊரே மெரினாவில் கிடக்கும். காணும் பொங்கலன்று சாயங்காலம் வீட்டில் விளக்கு எரிந்தால், “உள்ளே ஏதோ தகராறு போலிருக்கு” என்று எங்கள் பெரம்பூர் பக்கம் முடிவு கட்டிவிடுவார்கள். கடற்கரைக்குப் போனால்தான் தகராறே வரும் என்பது வேறு விஷயம்.

இத்தனை பேரும் கடலைப் பார்க்கப் போகிறார்கள் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். பெரியம்மாவைக் கேட்டால் உண்மை வெளியே வரும். பொங்கலுக்கு வீட்டில் கவுச்சி கிடையாது. அந்தக் கணக்கை நேர் செய்யும் நாள் இது. விடிவதற்கு முன்பே கறிக்கடையில் வரிசை. பத்து மணிக்குள் குழம்பு, வறுவல், வடை, புளிசோறு எல்லாம் தயார். அப்புறம் தட்டு, பாய், தண்ணீர் கேன், தாத்தாவுக்குத் தலையணை. வீட்டிலேயே நிம்மதியாகச் சாப்பிட்டிருக்கக்கூடிய சாப்பாட்டை ஏழெட்டுக் கிலோமீட்டர் தூக்கிச் சுமந்து, மணலோடு சேர்த்துச் சாப்பிடுவதற்குத்தான் இத்தனை ஏற்பாடும். வறுவலில் கொஞ்சம் மணல் நறநறவென்று கடிபட்டால்தான் காணும் பொங்கல் கொண்டாடிய திருப்தி.

தாத்தா வேறு, ரேஷனில் கொடுத்த முழுக்கரும்பைக் கையோடு கொண்டுவந்தார். “துண்டு போட்டு எடுத்துக்கலாமே?” என்றதற்கு, “சாறு எல்லாம் காத்துல போயிடும்” என்றார். மின்சார ரயிலில் அந்த ஆளுயரக் கரும்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவர் நின்ற அழகே அழகு. பக்கத்தில் யாரோ மணி கேட்க, தாத்தா இந்தப் பக்கம் திரும்பினார். அந்தப் பக்கம் இருந்தவர்கள் மொத்தமாகக் குனிந்தார்கள். பதில் சொல்லிவிட்டு அவர் நேராகத் திரும்பியபோது இந்தப் பக்கம் குனிந்தது. பார்க் டவுனில் பறக்கும் ரயிலுக்கு மாறுவதற்குள் தாத்தாவைச் சுற்றி நல்ல காலி இடம் உருவாகிவிட்டது. கூட்டத்தில் எங்களில் ஒருவருக்கும் மூச்சு முட்டாததற்குக் காரணம் அந்தக் கரும்புதான்.

மணலில் கால் வைக்கும் இடத்திலேயே போலீஸ்காரர்கள் குழந்தைகளின் கையில் பட்டை கட்டுகிறார்கள். பெயர், பெற்றோரின் செல் நம்பர் எல்லாம் அதில் எழுதியிருக்கும். தொலைந்தால் கண்டுபிடிக்க எளிது. நல்ல ஏற்பாடு. “இவருக்கும் ஒண்ணு கட்டிவிடுங்க சார்” என்று சித்தப்பாவைக் காட்டினாள் சித்தி. கான்ஸ்டபிள் சிரித்தார். சித்தி சிரிக்கவில்லை. பாயை விரிப்பதற்குள் சித்தப்பாவைக் காணோம். பலூன் சுடும் கடை எங்கே இருந்தாலும் அவர் கால் தானாகப் போய்விடும். பலூனுக்கு இதுவரை ஒரு சேதமும் கிடையாது.

இந்தக் கூட்டத்தில் செல்போன் எடுக்காது. எடுத்தாலும் “உழைப்பாளர் சிலைகிட்ட நில்லுங்க” என்பதற்கு மேல் ஒன்றும் கேட்காது. அதையேதான் சென்னையில் பாதிப் பேர் மீதிப் பேரிடம் சொல்லியிருப்பார்கள். போய்ப் பார்த்தால் சிலையைச் சுற்றி ஒரு மாநாடே நடக்கிறது. 1959-இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்து வைத்த நாலு பேர் அங்கே பாறையை நெம்பிக்கொண்டிருக்கிறார்கள். லீவு நாளிலும் வேலை பார்ப்பது அவர்களும், சுண்டல் விற்கிற பையன்களும், போலீசும்தான்.

சித்தப்பா கிடைத்ததும் எம்.ஜி.ஆர். சமாதி. இதை விட்டால் அத்தை வீட்டுக்கே வர மாட்டார். சமாதியில் காதை வைத்தால் தலைவரின் கைக்கடிகாரம் ஓடும் சத்தம் கேட்கும் என்பது ஊர் நம்பிக்கை. வரிசையில் நின்று, காதோலையைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, அத்தை கன்னத்தைப் பளிங்கில் பதித்தார்.

“ஓடுது.”

“1987-ல போட்ட பேட்டரியாக்கா?”

“தலைவர் வாட்ச்சுடா அது. உன் வாட்ச் மாதிரின்னு நினைச்சியா?”

சித்தப்பாவும் குனிந்து வைத்துப் பார்த்தார். நிமிர்ந்தவர் ஒன்றும் சொல்லவில்லை. தன் வாட்ச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

கடலா? அது தூரத்தில் இருந்தது. அன்றைக்கு யாரும் தண்ணீரில் இறங்கிவிடக் கூடாது என்று கரை நெடுகச் சவுக்குக் கட்டையால் தடுப்பு கட்டிவிடுகிறார்கள். குதிரையில் போலீஸ் வேறு. கட்டைக்கும் தலைகளுக்கும் நடுவில் நீலமாக ஒரு கோடு தெரிந்தது. பெரியம்மா அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தார். அடுத்த பாயில் இருந்தவர்கள் எங்கள் தூக்கை எட்டிப் பார்த்தார்கள். நாங்களும் அவர்கள் தூக்கைப் பார்த்தோம். அங்கே மீன். ஒரு கிண்ணம் கறி அந்தப் பாய்க்குப் போனது, நாலு துண்டு வஞ்சிரம் இந்தப் பாய்க்கு வந்தது. யார், எந்த ஊர், ஒன்றும் கேட்கவில்லை. மசாலாவில் என்ன சேர்த்தார்கள் என்பதை மட்டும் பெரியம்மா துருவித் துருவிக் கேட்டார்.

திரும்பும்போது ரயிலில் பேச்சு எழுந்தது: அடுத்த வருஷம் வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்குப் போனால் என்ன? பிள்ளைகள் ஒரே குதி. புலி, சிங்கம், நீர்யானை என்று பட்டியல் போட்டார்கள்.

“பிளாஸ்டிக் பையை உள்ளே விட மாட்டாங்க. கேட்டுலயே சோதனை போடுவாங்க” என்றேன்.

பெரியம்மா யோசித்தார். “அப்போ குழம்பு, சோறு எல்லாம் எவர்சில்வர் தூக்குலதான். கனம் ஆகுமே... தம்பி, அடுத்த வருஷத்துக்குள்ள உனக்கு ஒரு கல்யாணத்தைப் பண்ணிடணும். தூக்க ஒரு ஆள் குறையுது.”