ஒட்டிய உரையின் மும்மலம்: இணையத்திலிருந்து சொற்செயலிக்கு வந்த எழுத்தின் பந்தமும் வீடுபேறும்

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

இணையப் பக்கம் ஒன்றில் நகலெடுத்துச் சொற்செயலியில் ஒட்டப்படும் உரை, ஒட்டிய கணத்திலேயே பிறந்த இடத்தின் நிறம், எழுத்துரு, கட்டம், இணைப்புச் சுட்டி ஆகிய யாவற்றையும் உடன் கொணர்ந்து, புகுந்த இடத்தின் ஒழுங்கைக் குலைத்து நிற்பது கணினி பழகிய எவரும் அறிந்த நிகழ்ச்சி. சொற்செயலி என்பது கடிதம், வினாத்தாள், ஆய்வேடு முதலானவற்றைத் தட்டச்சிட்டுப் பக்கமாக அமைக்க உதவும் மென்பொருள். வேர்டும் லிப்ரே ஆபீஸ் ரைட்டரும் அவ்வகையின. முனைவர் பட்ட ஆய்வேடு முதல் குடியிருப்போர் நலச்சங்கச் சுற்றறிக்கை வரை இந்நிகழ்ச்சியின் தடம் படாத ஆவணம் அரிது. எனினும் இதனை ஆராயும் உரிமை தமிழ்த் துறைக்கா, கணினித் துறைக்கா, மெய்யியல் துறைக்கா என்னும் வினா முதலில் தீர்க்கப்பட வேண்டியதாக உள்ளது.

பந்தம் எவ்வாறு வந்தது, அது எத்தனை வகை, எவ்வழியில் நீங்கும் என்பனவே இங்கு எழும் வினாக்களாதலின், இது மெய்யியலுக்கே உரியது என்பதும், சைவ சித்தாந்தம் வகுத்த, இறையாகிய பதி, உயிராகிய பசு, கட்டாகிய பாசம் என்னும் முப்பொருள் பாகுபாடே இதற்கு மிகப் பொருந்தும் என்பதும் இவ்வாய்வின் துணிபு. இங்குப் பசுவாவது உரை. பாசமாவது அதைப் பற்றிய வடிவமைப்பு. பதியாவார் விசைப்பலகை முன் அமர்ந்திருக்கும் பயனர். பதி முற்றறிவு உடையவர் என்னும் இலக்கணம் ஒன்று மட்டும் பயனருக்குப் பொருந்தவில்லை. அதனாலேயே இவ்வாய்வு தேவைப்படுகிறது.

2. தோற்ற வரலாறு

கையெழுத்துப் படியைக் கத்தரிக்கோலால் வெட்டி, பத்திகளை இடம் மாற்றிப் பசையால் ஒட்டிய பத்திரிகை அலுவலக வழக்கமே கணினி ஒட்டலுக்கு முன்னோடி. அதனைத் திரைக்குக் கொண்டுவந்த பெருமை, 1970களின் நடுவில் கலிபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவிலிருந்த ஜெராக்ஸ் ஆய்வு மையத்தில் ஜிப்ஸி என்னும் உரைத்தொகுப்பியை உருவாக்கிய லாரி டெஸ்லருக்கும் டிம் மாட்டுக்கும் உரியது. பின்னர் ஆப்பிள் நிறுவனத்தின் லிசா 1983இலும் மக்கின்டாஷ் 1984இலும் வெளிவந்து இவ்வழக்கத்தைப் பரப்பியபோது, வெட்ட எக்ஸ், நகலெடுக்க சி, ஒட்ட வி என விசைப்பலகையின் கீழ்வரிசையில் அடுத்தடுத்து அமர்ந்திருக்கும் எழுத்துகள் இத்தொழில்களுக்கு உரியவாயின. பசையால் ஒட்டிய காலத்தில், ஒட்டிய துண்டின் எழுத்து எவ்வளவு வேறுபட்டிருந்தாலும் அது பக்கத்துப் பத்தியின் எழுத்தைத் தன்வயப்படுத்தியதில்லை. அத்திறம் கணினியுகத்தில்தான் எய்தப்பட்டது.

3. ஒட்டலின் உள்ளியல்பு

நகலெடுத்த பொருள் ஒட்டப்படும் வரை தங்கியிருக்கும் தற்காலிக நினைவிடம் கிளிப்போர்டு எனப்படும். உலாவியில் நகலெடுக்கும்போது அங்குச் சென்று சேர்வது ஓர் உரை அன்று. ஒரே உரையின் பல வடிவங்கள் ஒருசேரச் சென்று சேர்கின்றன. அவற்றுள் ஒன்று எச்டிஎம்எல், அதாவது நிறம், அளவு, சுட்டி முதலான குறிப்புகளோடு கூடிய இணைய மொழி வடிவம். மற்றொன்று எழுத்துகள் மட்டுமே உள்ள வெற்றுரை. இவற்றுள் எதை எடுப்பது என்பதை ஒட்டும் மென்பொருளே முடிவு செய்கிறது. வேர்டு, வேறு கட்டளை இல்லாதபோது, அலங்காரம் மிக்கதையே எடுத்துக்கொள்ளும். நோட்பேட் என்னும் எளிய உரைத்தொகுப்பியோ நெடுங்காலம் வெற்றுரையை மட்டுமே ஏற்றுவந்தது.

இதனால் பெறப்படும் உண்மை ஒன்று உண்டு. ‘உரை மட்டும்’ என்று ஒட்டும் கட்டளையும், நோட்பேடில் ஒருமுறை ஒட்டி மீண்டும் எடுத்துவரும் பழைய கைம்முறையும் உரையைக் கழுவித் தருவதாகப் பலரும் நம்புகின்றனர். உண்மையில் அவை எதையும் கழுவுவதில்லை; அலங்கார வடிவத்தை விடுத்து வெற்று வடிவத்தைத் தெரிந்தெடுக்கின்றன, அவ்வளவே. வெற்று வடிவத்துக்குள்ளேயே அழுக்கு இருக்குமாயின் அது வெற்று வடிவத்தோடு வந்தே தீரும். இதனை உணராமையே பின்வரும் மும்மலங்களுள் மூன்றாவது மலம் நிலைபெறக் காரணம்.

4. மும்மலப் பாகுபாடு

பாசம் மாயை, கன்மம், ஆணவம் என்னும் மும்மலங்களாக விரியும். அவற்றுள் முதலாவது மாயை. உயிருக்கு உடலையும் உலகையும் தருவது மாயை என்பர் சித்தாந்திகள். உரைக்கு உடலாகிய எழுத்துருவையும், அதன் அளவையும் நிறத்தையும், அது நிற்கும் பின்னணியையும் தருவது இம்மலம். கண்ணுக்குப் புலனாவதால் பயனரின் சினம் முழுவதும் இதன் மீதே பாய்கிறது. இதன் வகைகளுள் தனித்து ஆராயத்தக்கது சாம்பல் நிழல். இணையப் பக்கத்தின் பின்னணி நிறம் எழுத்துகளின் பின்னால் பட்டையாக ஒட்டிவரும்போது, பயனர் அதனை மஞ்சள் மை தீட்டும் ‘ஹைலைட்’ வசதியின் செயல் என்று கருதி, அங்குச் சென்று ‘நிறமில்லை’ என்பதைப் பலமுறை அழுத்துவர், நிழல் அசையாது. ஹைலைட் வேறு, ஷேடிங் எனப்படும் நிழல் வேறு என்பதும், முன்னதை நீக்கும் கட்டளை பின்னதை நீக்காது என்பதும் காரணம். எழுத்தின் பின்னால் உள்ள நிழல் வேர்டில் கண்ட்ரோலும் ஸ்பேஸ்பாரும் சேர்த்து அழுத்த நீங்கும். பத்தி முழுவதற்கும் உரிய நிழல் கண்ட்ரோலும் கியூவும் அழுத்த நீங்கும். ஹைலைட் மையோ இவ்விரண்டுக்கும் அசையாமல் நிற்கும் என்பது மாயையின் மாயை.

இரண்டாவது கன்மம். முற்பிறவியின் வினை இப்பிறவியில் தொடர்வது போல, உரை முன்பிருந்த பக்கத்தின் அமைப்பு இங்கும் தொடர்வதால் இப்பெயர் பெற்றது. நீல நிற அடிக்கோட்டோடு வரும் சுட்டிகள், விக்கிப்பீடியாவின் வரிகளுக்கு மேல் சதுர அடைப்புக்குள் நிற்கும் மேற்கோள் எண்கள், கோடு தெரியாத அட்டவணைக் கட்டத்துக்குள் சிறைப்பட்டு வரும் பத்திகள் ஆகியன இதன்பாற்படும். ஒட்டிய உரையோடு ‘நார்மல் (வெப்)’ என்பது போன்ற அந்நிய நடைப்பெயர்கள் (ஸ்டைல் பெயர்கள்) ஆவணத்தின் பட்டியலில் குடியேறுகின்றன. உரையை முற்றாக அழித்த பின்னும் அப்பெயர்கள் பட்டியலில் எஞ்சியிருப்பது, உடல் அழிந்தாலும் வினை அழியாது என்னும் கொள்கைக்குக் கணினி தரும் சான்றாகும். சுட்டிகளாகிய வினை மட்டும், வேர்டில் முழு உரையையும் தேர்ந்தெடுத்துக் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஃப் ஒன்பது ஆகியவற்றை ஒருசேர அழுத்த ஒரே நொடியில் அறுந்துபோகும்.

மூன்றாவது ஆணவம். உயிரோடு அநாதியாய் உடனிருந்து, தான் இருப்பதே தெரியாமல் மறைத்து நிற்பது ஆணவத்தின் இலக்கணம். உரையின் எழுத்துகளோடு எழுத்தாகக் கலந்து, கண்ணுக்குப் புலனாகாமல், ‘உரை மட்டும்’ என்று ஒட்டினாலும் உடன்வருவன இவ்வகையின. வரி முறிவு, அகலமே இல்லாத மறைகுறிகள், ஒரே தோற்றத்துக்குப் பின்னால் ஒளிந்த வேறு வேறு குறியீடுகள் என இது மூவகைப்படும்.

வரி முறிவாவது, பத்தி முடியாமலே வரியை மட்டும் முடிக்கும் குறி. சொற்செயலியில் ஷிஃப்டோடு என்டரை அழுத்தப் பிறப்பதும் இதுவே. இருபுறமும் ஓரம் சீராக்கப்பட்ட பத்தியில் இது புகுந்தால், முறிவுக்கு முன் நிற்கும் ‘ஆகவே அரசு அறிவித்தது’ என்னும் மூன்றே சொற்கள் பக்கத்தின் முழு அகலத்தையும் நிரப்பும் கடமைக்கு ஆளாகி, ‘ஆகவே’ இடது ஓரத்திலும், ‘அரசு’ நடுவிலும், ‘அறிவித்தது’ வலது ஓரத்திலுமாக ஒன்றையொன்று காண இயலாத தொலைவில் நிற்கும். பயனர் இடையிலுள்ள வெற்றிடத்தை அழிக்க முயல்வார். அழிக்க அங்கு எதுவும் இராது.

மறைகுறிகளுள் தமிழுக்குச் சிறப்பாக உரியது அகலமற்ற இணைப்புத்தடை. ‘ரிக்‌ஷா’ என்று எழுதும்போது, ககர ஒற்றும் ஷகரமும் கூட்டெழுத்தாகப் பிணையாமல் தனித்தனியே நிற்க இக்குறி நடுவில் இருந்தாக வேண்டும். ஆனால் இதே குறி தேவையற்ற இடங்களிலும் ஒட்டிக்கொண்டு வந்து, ஒரு சொல்லைத் தேடும்போது அது கண்முன் இருந்தும் கிடைக்காமல் செய்கிறது. இனி, ‘கொ’ என்னும் எழுத்தை ஒகரக் குறி ஒன்றே இட்டும் அமைக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியே இட்டும் அமைக்கலாம்; திரையில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். இவற்றைச் சமமாகக் கருதாத மென்பொருளில் ‘கொடை’யைத் தேடுவோருக்குக் ‘கொடை’ கிட்டாது. ‘ஔவை’யை ஒகரமும் ளகரமுமாகத் தட்டி ‘ஒளவை’ ஆக்கிய பக்கங்களிலும் இதே நிலைதான்.

5. புறனடை

மாயையை முற்றாக விலக்கலாகாத இடம் ஒன்றும் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அமைந்த உரை, குறியீட்டளவில் ஆங்கில எழுத்துகளாலும் நிறுத்தக்குறிகளாலும் ஆனது. எழுத்துருவின் பெயர் உடனிருக்கும் வரையே அது தமிழாகத் தோன்றும். அத்தகைய உரையை வெற்றுரையாக ஒட்டினால் உடலோடு உயிரும் போய், ஆங்கில எழுத்துகளின் குவியலே எஞ்சும். எழுத்துரு மாற்றி கொண்டு யூனிகோடாக்கிய பின்னரே அதனை ஒட்டுதல் முறை. யூனிகோடின் முதற்பதிப்பு வெளிவந்த 1991இலேயே அதில் தமிழ் இடம்பெற்றது. தமிழ்நாடு அரசு அதனைத் தரமாக ஏற்றது 2010இல். அக்காலத்துக்கு முற்பட்ட கோப்புகள் அலுவலகக் கணினிகளில் இருக்கும் வரை இப்புறனடைக்கும் வேலை உண்டு.

6. நால்வகை நெறி

வீடுபேற்றுக்குச் சரியை, கிரியை, யோகம், ஞானம் என நான்கு நெறிகள் கூறப்படும். அவை இங்கும் முறையே பொருந்துகின்றன.

சரியையாவது உடலுழைப்பு: உரையைப் பார்த்து மீண்டும் முழுவதும் தட்டச்சிடல். மும்மலமும் இதில் அற்றுப்போகும். புதிதாக எழுத்துப்பிழை என்னும் நான்காம் மலம் தோன்றும். கிரியையாவது வரிதோறும் தேர்ந்தெடுத்து நிறம், அளவு, எழுத்துரு ஆகியவற்றைக் கையால் மாற்றுதல். பக்தி மிகுதியும் பயன் குறைவும் இதன் இயல்பு.

யோகமாவது வேர்டில் கண்ட்ரோலும் ஹெச்சும் அழுத்தப் பெறும் ‘தேடி மாற்றல்’. இதற்கு முன், கண்ட்ரோல், ஷிஃப்ட், எட்டு ஆகியவற்றை அழுத்தி மறைகுறிகளைக் காணும் பார்வையைப் பெறுதல் வேண்டும். அப்போது இடைவெளி புள்ளியாகவும், வரி முறிவு வளைந்த அம்பாகவும், பிரியா இடைவெளி சிறு வட்டமாகவும் புலப்படும். பிரியா இடைவெளியாவது, இருபுறச் சொற்களையும் வெவ்வேறு வரிக்குப் பிரியவிடாத இடைவெளி. தேடும் கட்டத்தில் கூரைக்குறியோடு எல் இட்டால் வரி முறிவையும், பி இட்டால் பத்தி முடிவையும், எஸ் இட்டால் பிரியா இடைவெளியையும் பிடிக்கலாம். கூரைக்குறியாவது ஆறாம் எண் விசையின் மேலிருக்கும் குறி. ஒவ்வொரு வரியின் முடிவிலும் பத்திக்குறியும், உண்மையான பத்திகளுக்கிடையே இரட்டைப் பத்திக்குறியும் கொண்ட உரையில் மும்முறை மாற்றம் வேண்டும்: முதலில் இரட்டைக் குறிகளை, உரையில் எங்கும் வராத ஓர் அடையாளமாக மாற்றுக, அடுத்து எஞ்சிய ஒற்றைக் குறிகளை இடைவெளியாக்குக, இறுதியில் அடையாளத்தைப் பத்திக்குறியாக மீட்டெடுக்க. இவ்வரிசை பிறழ்ந்தால் நூல் முழுவதும் ஒரே பத்தியாகும். செய்யுளுள்ள பகுதியை இச்சாதனைக்கு உட்படுத்தலாகாது. உட்படுத்தினால் நாலடி வெண்பாவின் பதினைந்து சீர்களும் ஓரடியில் நின்று, யாப்பிலக்கணம் காணாத புதுப் பாவினம் ஒன்று பிறக்கும்.

ஞானமாவது நடை, அதாவது ஸ்டைல். தலைப்பு இது, உட்தலைப்பு இது, மேற்கோள் இது, பத்தி இது என உரையின் ஒவ்வோர் உறுப்புக்கும் பெயர் சூட்டி, தோற்றத்தை அப்பெயருக்கு மட்டும் ஒருமுறை வகுத்துவிட்டால், பின்னர் ஓரிடத்தில் செய்யும் மாற்றம் ஆவணம் முழுவதும் பரவும். பொருளடக்கத்தையும் ஒரே கட்டளையில் உருவாக்கலாம். வேர்டின் விருப்ப அமைப்பில், பிற மென்பொருள்களிலிருந்து ஒட்டும்போது உரையை மட்டும் வைத்துக்கொள்ளுமாறு ஒரே ஒருமுறை பணித்துவிடுவது இந்நெறிக்குரிய தீட்சை.

7. மறுப்பும் முடிபும்

ஒட்டாமையே வீடுபேறு, பிறர் எழுத்தை நகலெடாதவனுக்கு மலமும் இல்லை நெறியும் இல்லை என்பார் ஒரு சாரார். அவர் கூற்று அறத்தளவில் மறுக்கவொண்ணாதது. ஆயினும் மேற்கோளும் அரசாணையும் புள்ளிவிவரமும் ஒட்டாமல் எழுதப்படும் ஆய்வேடு உலகில் இன்மையின் நடைமுறைக்கு ஒவ்வாது. வடிவம் மாறினால் உரிமையும் மாறும் என்று கருதும் மற்றொரு சாரார் மறுக்கத்தக்கவர். நிறத்தை நீக்கினாலும் எழுதியவர் பெயர் நீங்குவதில்லை. நெறியாளர்கள் மூலத்தை ஐயுறுவதும் பெரும்பாலும் பக்கத்தின் நடுவில் எஞ்சி நிற்கும் அந்தச் சாம்பல் நிழலைக் கண்டுதான்.

ஆணவ மலம் முற்றும் அழிவதன்று, அதன் ஆற்றல் மட்டுமே அடங்கும் என்பது சித்தாந்த முடிபு. ரிக்‌ஷாவுக்கு இணைப்புத்தடையும் வெண்பாவுக்கு வரி முறிவும் வேண்டியிருப்பதால், இங்கும் அம்முடிபே நிற்கிறது: மறைகுறிகளை ஒழிப்பது நோக்கமன்று, அவை எங்கிருக்கின்றன என்று அறிவதே நோக்கம். ஆகவே ஒட்டுவோர் முதலில் மூலத்தின் முகவரியைக் குறித்துக்கொள்க, உரையை மட்டும் ஒட்டுக, மறைகுறிகளைப் புலப்படுத்துக, தேடி மாற்றுக, நடை வகுக்க, இவை யாவும் முடிந்த பின்னரே எழுத்துருவைத் தொடுக. எழுத்துருவை முதலில் தொடுவோர் எல்லாவற்றையும் இருமுறை செய்வர்.