உறுமல் வேறு, சக்தி வேறு

கேள்வி: காரில் கம்பெனி ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, கடையில் விற்கும் ‘பர்ஃபார்மன்ஸ்’ ஃபில்டர் போட்டால் இன்ஜின் சக்தி கூடுமா?

பதில்: கூடினாலும் உங்கள் கால் உணரும் அளவுக்குக் கூடாது. பெட்ரோல் இன்ஜினுக்குள் போகும் காற்றுக்குக் காவல்காரன் ஃபில்டர் அல்ல, த்ராட்டில் என்கிற சின்னத் தட்டு. ஊருக்குள் ஓட்டும்போது அது பெரும்பாலும் மூடியே கிடக்கும். வீட்டுக் கதவு ஒருக்களித்திருக்கையில் தெருமுனை கேட்டை அகலமாக்கி என்ன பயன்? ஆக்ஸிலேட்டரை அடிவரை அழுத்தும்போதுதான் ஃபில்டரின் தடை கணக்கில் வரும். சுத்தமான ஃபில்டரில் அதுவும் சொற்பம். மைலேஜாவது கூடுமா? அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் ஃபில்டரை வேண்டுமென்றே அடைத்துச் சோதித்து, 2009இல் முடிவை வெளியிட்டது. ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் கார்களில் மைலேஜ் குறிப்பிடும்படி குறையவில்லை, வேகமெடுப்பதுதான் மந்தமானது. அடைத்தபோதே அசையாத மைலேஜ், திறந்துவிட்டால் எங்கிருந்து கூடும்?

“மாற்றியதும் வண்டி பறக்கிறதே” என்பார்கள். பழையது தூசியில் கறுத்திருந்தால் எந்தப் புது ஃபில்டரும் அதைச் செய்யும். மற்றபடி காதில் விழுவது உறுமல். பர்ஃபார்மன்ஸ் ஃபில்டரைக் கழுவித் திரும்பப் போடலாம் என்பது நியாயமான வாதம். ஆனால் எண்ணெய் தடவும் பஞ்சு ஃபில்டரில் எண்ணெய் மிஞ்சினால் காற்றை அளக்கும் சென்சாரில் படியலாம். குறைந்தால் மண்துகள் உள்ளே போய் சிலிண்டர் சுவரைத் தேய்க்கும். கையேடு சொல்லும் கிலோமீட்டரில் கம்பெனி ஃபில்டரையே மாற்றுங்கள். புழுதி ரோடென்றால் இன்னும் முன்னதாக.