வெண்டைக்காயில் பூத்த வாழ்த்து

அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளிக்கூடம் பூட்டிய மறுநாளே எங்கள் தெருவில் பொங்கல் வாழ்த்து வேலை தொடங்கிவிடும். பத்து, பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு அதுதான் அந்த விடுமுறையின் பெரிய காரியம். எண்பதுகளைச் சொல்கிறேன். கரிசல் காட்டுச் சிற்றூர். பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் சிவகாசி. நாடு முழுக்கக் காலண்டரும் வாழ்த்து அட்டையும் அச்சடித்து அனுப்பிய ஊர் அத்தனை பக்கத்தில் இருந்ததால், மார்கழி பாதியிலேயே நோட்டுப் புத்தகக் கடை வாசலில் சணல் கட்டி அட்டைகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். பொங்கி வழியும் பானை, இரண்டு கரும்பு, கொம்பில் வர்ணம் பூசிய காளை, எம்.ஜி.ஆர்., ரஜினி, கமல், ஓரமெல்லாம் ஜிகினா. கூடப் படிக்கிறவர்களுக்கு அவற்றில் ஒன்றை வாங்கிக் கொடுத்தால் போதும். சொந்தக்காரர்களுக்கு மட்டும் கையால் செய்ததுதான் போக வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். கையில் காசு இல்லாததும் அதற்கு ஒரு காரணம் என்பது இப்போது புரிகிறது. அப்போது அது எங்களுக்குப் பெருமையாக மட்டுமே இருந்தது.

முதலில் ஆளை நினைக்க வேண்டும். அக்கா ஒரு பழைய நோட்டின் கடைசிப் பக்கத்தில் பெயர்களை வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு, பென்சிலால் தரையைத் தட்டியபடி கேட்பாள்: "ஏலே, சித்திக்கு என்ன புடிக்கும்? யோசிச்சுச் சொல்லு." மதுரைச் சித்திக்கு மயில் பிடிக்கும். பம்பாய்ப் பெரியப்பா வீட்டில் கோலம் போட வாசல் கிடையாது, ஆகவே பெரியம்மாவுக்குப் புள்ளிக் கோலம். ஆச்சிக்குக் கண் மங்கிவிட்டது, என்ன வரைந்தாலும் தெரியாது. அதனால் பசையால் பானை வரைந்து, அதன்மேல் சலித்த ஆற்று மணலைத் தூவி, விரலால் தடவினால் தட்டுப்படுகிற மாதிரி ஒன்று செய்து கொடுத்தோம். ஆச்சி அதை மடியில் வைத்துக்கொண்டு ஆள்காட்டி விரலால் பானையின் வாயைச் சுற்றிச் சுற்றி வந்தது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. வேறு எந்த வாழ்த்தையும் அப்படி ஒருவர் வாசித்து நான் பார்த்ததில்லை.

பொருளுக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. அம்மா குழம்புக்கு அரிந்தது போக ஒதுக்கிய முற்றல் வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினால் ஐந்து இதழ்ப் பூ கிடைக்கும். பழந்துணியை நான்காக மடித்து, ஒரு டப்பா மூடியில் வைத்து, மையில் நனைத்து, அதில் வெண்டைக்காயை ஒற்றி அட்டையில் வைத்து எடுத்தால் ஒரு பூ. இப்படியே பத்துத் தடவை வைத்தால் ஒரு மாலை. வாழை மட்டையைக் குறுக்கே வெட்டினால் தேன்கூட்டுக் கண்களோடு ஒரு பிறை, வெங்காயத்தைப் பாதியாக்கினால் வட்டத்துக்குள் வட்டம். எழுதுகிற நீல மை போக மற்ற நிறங்களையும் அடுப்படியிலேயே பிடித்தோம். மஞ்சள் தூளைக் கரைத்தால் மஞ்சள், அதிலேயே ஆச்சியின் வெற்றிலைச் செல்லத்திலிருந்து துளி சுண்ணாம்பைக் குழைத்தால் கண்ணெதிரே சிவப்பு. அது காரத்தால் ஏற்படும் மாற்றம் என்று பின்னால் பள்ளிக்கூடத்தில் லிட்மஸ் தாளோடு சொல்லிக் கொடுத்தபோது எனக்கு ஆச்சரியமே இல்லை. அந்த ஆச்சரியத்தைப் பெரியம்மாவின் கோலத்திலேயே அனுபவித்து முடித்திருந்தேன்.

சித்தியின் மயிலுக்கு நூல். தாளை இரண்டாக மடித்து, மையில் முக்கிய தையல் நூலை உள்ளே வளைத்து வளைத்துப் போட்டு, ஒரு முனையை மட்டும் வெளியே விட்டு, மேலே கனமான புத்தகத்தை வைத்து ஒருவர் அழுத்திக்கொள்ள, இன்னொருவர் அந்த முனையை மெல்ல இழுப்பார். பிரித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தோகை விரிந்திருக்கும். இரண்டு பேர் இல்லாமல் அந்த வேலை ஆகாது. அழுத்துகிறவர் யார், இழுக்கிறவர் யார் என்று எங்களுக்குள் முறை வைத்திருந்தோம். தேய்ந்த பல் துலக்கும் பிரஷ்ஷை மையில் தோய்த்துச் சீப்பின்மேல் உரசினால் மை தூறலாகத் தெறிக்கும். அட்டைமேல் ஒரு புளிய இணுக்கை வைத்துவிட்டுத் தெறித்தால், எடுத்த பிறகு இலை இருந்த இடம் மட்டும் வெள்ளையாக நிற்கும்.

எல்லாவற்றுக்கும் மேலே அரச இலை. அதற்குக் கார்த்திகை தீபம் முடிந்ததுமே ஆயத்தம் தொடங்கவேண்டும். பூச்சி அரிக்காத முதிர்ந்த இலையாகப் பொறுக்கிப் பழைய மண்பானையில் தண்ணீர் ஊற்றிப் போட்டு, வாடை வராதபடி அவ்வப்போது தண்ணீரை மாற்றிக்கொண்டு, மூன்று நான்கு வாரம் பொறுத்திருக்க வேண்டும். பச்சையெல்லாம் அழுகிக் கூழாகிவிடும். இலையை உள்ளங்கையில் ஏந்தி, தண்ணீரை ஊற்றிக்கொண்டே மெல்லிய தூரிகையால் வருடினால் சதை கழன்று போய், நரம்புப் பின்னல் மட்டும் வலையாக நிற்கும். அதை நோட்டுக்குள் வைத்துக் காய வைத்து, அதன்மேல் தொட்டும் தொடாமலும் ஒரு விளக்கோ கிளியோ வரைய வேண்டும். பதினோரு வயதில் ஒரு மாதம் காத்திருப்பது என்பது சாதாரணமா! பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பானையைத் திறந்து பார்ப்போம். அம்மா அதட்டுவாள், மூடுவோம். இப்போது சலவை சோடாவில் கொதிக்க வைத்து அன்றைக்கே எடுத்துவிடுகிறார்கள், பெரியவர்கள் கூட நின்று செய்தால் நன்றாகவே வருகிறது. எனக்கென்னவோ அந்தப் பானையை மூடி வைத்த நாட்களைத்தான் அதிகம் பிடித்திருந்தது.

அட்டை ஆனால் உறை வேண்டுமே. வந்த பழைய உறை ஒன்றைப் பசை விட்டுப் பிரித்து விரித்து, அதையே அளவாக வைத்துக் காலண்டர் தாளில் வரைந்து வெட்டி, மடித்து, சோற்றுப் பருக்கையால் ஒட்டுவோம். மேல் மடிப்பை ஒட்டாமல் உள்ளே செருகி, 'புக் போஸ்ட்' என்று எழுதினால் தபால்தலை குறைவு. 1972 ஆகஸ்ட் 15இல் பின்கோடு வந்து பத்து வருஷம் கழிந்தும் எங்கள் தெருவில் பெரியவர்கள் அதை எழுதமாட்டார்கள். ஆறு எண்ணையும் கட்டத்துக்குள் நிரப்புவது எங்கள் உரிமை. போகிக்கு முந்தைய நாட்களில் தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டாலே தெருப்பிள்ளைகள் அத்தனை பேரும் வாசலுக்கு ஓடி வருவார்கள். பொங்கல் இனாம் வாங்க வருகிறபோது அவருக்கும் ஓர் அட்டை கொடுப்போம். ஊருக்கெல்லாம் வாழ்த்து சுமக்கிற மனிதருக்கு வாழ்த்துச் சொல்ல வேண்டும் என்று அப்பா சொல்லிக் கொடுத்தது அது.

அட்டையோடு நின்றதில்லை. காலித் தீப்பெட்டிகளை அடுக்கி ஒட்டி, மேலே வண்ணத்தாள் சுற்றி, ஒவ்வோர் அடிப்பெட்டிக்கும் ஒரு பாசிமணியைப் பிடியாகத் தைத்தால் குட்டி பீரோ. ஊசி, பொத்தான், ஊக்கு எல்லாம் தனித்தனி அறையில். அப்போது பெட்டிகள் மெல்லிய மரச் சீவலில் செய்தவை, நீலத் தாள் ஒட்டியவை. எத்தனை இழுத்தாலும் தளராது. தையல்கார மாமாவுக்கு நாங்கள் செய்து கொடுத்த பீரோவை அவர் கடையில் வெகுகாலம் பார்த்தேன்.

தீப்பெட்டியைச் சொல்கிறபோது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1922இல் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் தொடங்கி வைத்த தீப்பெட்டி, எங்கள் காலத்தில் சுற்றுவட்டாரத்தின் சோறாக இருந்தது. நாங்கள் பரிசு செய்வதற்காகப் பசை தொட்ட அதே வயதில், அடுத்த தெருப் பெண்பிள்ளைகள் விடிவதற்கு முன்பே தீப்பெட்டி ஆபீசு பஸ்ஸில் ஏறிப் போய்த் தீக்குச்சிக் கட்டை அடுக்கினார்கள். வீட்டிலிருந்தவர்கள் குரோஸ் கணக்கில் பெட்டி ஒட்டினார்கள். எங்களைவிட எத்தனையோ மடங்கு திருத்தமான கைகள் அவை. ஆனால் அந்தக் கைகள் செய்தது எதுவும் அத்தைக்கோ ஆச்சிக்கோ போனதில்லை. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1996 டிசம்பரில் சிவகாசி வழக்கில் உச்ச நீதிமன்றம், அபாயகரமான வேலையில் ஈடுபடுத்தும் ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. 1982இல் தொடங்கிய சத்துணவு, இயந்திரங்கள், ஊர் ஊராக அலைந்த ஆசிரியர்கள் என்று பலதும் சேர்ந்து அந்தப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தன. இன்று அதே தெருவில் டிசம்பர் விடுமுறை என்றால் எல்லாப் பிள்ளைகளுக்கும் விடுமுறைதான். அந்தக் காலத்தில் எதுவெல்லாம் நன்றாக இருந்தது என்று நான் நினைத்துக்கொண்டே போகும்போது, இந்த ஒரு மாற்றத்தின் முன்னால் நின்று கும்பிடுகிறேன்.

மற்ற மாற்றங்களில் பாதி எனக்கு மகிழ்ச்சி, பாதி ஏக்கம். இன்றைய பிள்ளைக்கு உண்மையிலேயே நல்ல பொருள்கள் கிடைக்கின்றன. கையைக் குத்திவிடாத கத்தரிக்கோல், வாயில் பட்டாலும் பயமில்லாத வண்ணம், துணியில் எழுத ஒரு பேனா, எந்த நாட்டு மடிப்புக் கலையையும் நிறுத்தி நிறுத்திக் காட்டுகிற வீடியோ. நாங்கள் ஒரு வார இதழின் சிறுவர் பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொண்டு, படத்தில் அம்புக்குறி எங்கே போகிறதென்று தெரியாமல் ஒரு பகல் முழுக்கக் குழம்பிய காகிதப் படகை, பக்கத்து வீட்டுப் பையன் ஐந்து நிமிடத்தில் மடித்துக் காட்டுகிறான். மனம் நிறைகிறது. ஆனால் "யாருக்குடா இது?" என்று கேட்டால் அவனிடம் பதில் இல்லை. பெட்டியில் எல்லாம் அளவாக வெட்டி வந்தது, ஒட்டினான், போட்டோ எடுத்தாயிற்று. பொங்கலன்று ஒரே பானைப் படம் நூறு பேருக்கு ஒரே நொடியில் போய்ச் சேருகிறது. அதில் தடவிப் பார்த்து மகிழ ஆச்சிக்கு ஒரு பானை வாய் இல்லை.

ஆகவே பிள்ளைகளுக்குச் செய்முறை கேட்கிற பெற்றோரிடம் நான் முதலில் ஒரு பெயரைக் கேட்கிறேன். போன விடுமுறையில் அக்கா பேத்தி சென்னையில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஆறாம் வகுப்பு. தன் பள்ளி வேன் ஆயாவுக்குக் கொடுக்க வேண்டும் என்றாள்.

"அவங்களுக்கு என்னம்மா பிடிக்கும்?"

"தெரியலையே தாத்தா."

"அவங்க கையில எப்பவும் என்ன இருக்கும்?"

கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்தாள். டிபன் டப்பா, தண்ணீர் பாட்டில், பிள்ளைகள் வேனில் விட்டுப் போகிற பென்சில் ரப்பர் எல்லாவற்றையும் ஒரு கிழிந்த துணிக்கடைப் பையில் திணித்துக்கொண்டு அவர் இறங்குவதை ஒவ்வொன்றாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் முகம் மலர்ந்தது. வயர் கூடை என்று அவளே முடிவு செய்தாள். 2019இல் ஒரு தடவை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்ததிலிருந்து மஞ்சப்பையோடு வயர் கூடையும் மறுபடி தெருவில் நடமாடுவது அவள் கண்ணிலும் பட்டிருக்கிறது. கடையில் பச்சையும் வெள்ளையும் ரோல் வாங்கினோம். பச்சை ஏனென்றால் ஆயா சேலை பச்சை. அடிப்பாகத்துக்கு வீடியோ போதுமானதாக இருந்தது. நான்கு பக்கமும் எழுப்புகிறபோது அவளுடைய முடிச்சுகள் எனக்கே பொறாமை வருகிற அளவு ஒரே சீராக விழுந்தன. கைப்பிடியில்தான் நின்றுவிட்டது, திருப்பிச் செருகும் இடம் வீடியோவில் கைக்குள் மறைந்துவிடுகிறது. ஊரில் இருக்கும் அக்காவைப் போனில் முகம் பார்த்துக் கூப்பிட்டோம். சிவன் கண், நெல்லிக்காய் என்று எத்தனையோ கூடை போட்டவள், கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, "கூடையத் திருப்புடி, ஆச்சிக்கு உள்பக்கம் தெரியட்டும்" என்றாள். அரை மணி நேரத்தில் கைப்பிடி ஏறிவிட்டது. பிறகு அக்கா, ஆயாவுக்கு மூட்டு வலி உண்டா, கூடையைத் தோளில் மாட்டுவாரா கையில் தூக்குவாரா என்று விசாரிக்கத் தொடங்கினாள். தோளில்தான் என்று தெரிந்ததும், கைப்பிடியைப் பிரித்து இன்னும் ஒரு சாண் நீளமாகப் போடச் சொன்னாள். பேத்தி முணுமுணுக்காமல் பிரிக்க ஆரம்பித்தாள்.