நடந்தவருக்கும் ஒரு பேர்

கண்டி ஹந்தானையில் தொடங்கி அப்புத்தளை, பண்டாரவளை, எல்ல எனச் சுற்றி நுவரெலியாவில் முடிகிறது பெக்கோ டிரெயில்: 300 கிலோமீட்டருக்கு மேல், 22 கட்டங்கள். வெள்ளைக்காரன் காலத்துத் தேயிலைப் பாதைகளைக் கண்டுபிடித்து இயற்கை நடைபாதை ஆக்கியிருக்கிறார்களாம். நம்ம தோட்டத்துச் சனம் அவற்றைத் தொலைத்ததே இல்லையே!

விடிந்தால் பிரட்டு, அதாவது வேலைக்கு ஆள் கூப்பிடுதல். அப்புறம் கொழுந்து பறிக்கும் அக்காவுக்கு இடுப்பில் படங்கைச் சுற்றிக்கொண்டு மேட்டு மலைக்கு ஏற்றம். அதே ஏற்றத்தில் கொழும்புத் தம்பி ஒருவர் இரண்டு கைத்தடி ஊன்றி, முதுகுப்பையிலிருந்து வரும் குழாயில் தண்ணீர் உறிஞ்சியபடி மூச்சுவாங்குகிறார். அவருக்கு அது விடுமுறை. அக்காவுக்கோ கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதி நாள் கூலிதான். நடந்த தூரத்துக்கும் பேர் போட்டால் எங்கள் கிழவிகள் எப்போதோ பங்களா கட்டியிருப்பார்கள்.

தம்பேதென்ன தோட்டத்துக்கு மேலே, லிப்டன் சீட்டில், லிப்டன் துரை சிலையாக பெஞ்சில் அமர்ந்திருக்கிறார். வேலை நேரத்தில் உட்கார அங்கே அனுமதி உள்ள ஒரே ஆள். அவரோடு படம் பிடித்த கையோடு தம்பி இறங்கி வந்து, அக்காவையும் படம் பிடிக்கப் பார்த்தார்.

"அக்கா, படத்துல லயத்து வீடு தெரியுது, கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

"நீங்க தள்ளுங்க தம்பி, கொழுந்து நிறுக்க நேரமாச்சு."