முக்குறை விளக்கம்

அடுக்குத் தரவு என்பது பெட்டிக்குள் பெட்டி. ஆர்டருக்குள் வாடிக்கையாளர், அவருக்குள் முகவரி, முகவரிக்குள் பின்கோடு. நிரலர் புள்ளி வைத்துக்கொண்டே இறங்குகிறார்: ஆர்டர்.வாடிக்கையாளர்.முகவரி.பின்கோடு. (மாறிகளுக்குத் தமிழ்ப் பெயரிட்டால் ஜாவாஸ்கிரிப்ட் முகம் சுளிப்பதில்லை, நம்மவர்தாம் சுளிப்பார்கள்.) இறங்கும் வழியில் ஏதேனும் ஒன்று இல்லாமற்போவதே ஈண்டு ஆராயப்படும் இன்மை. உள்ளதை ஆராய்ந்தோர் பலர். இல்லாததை ஆராய்பவனுக்கு ஒரு வசதி உண்டு: எதிராளி எதையும் எடுத்துக்காட்டி மறுக்க முடியாது.

இன்மைக்கு நிரலுலகில் முறையான குடியுரிமை வழங்கியவர் டோனி ஹோர். 1965இல் அல்கால் டபிள்யூ மொழியை வடிவமைத்தபோது, செய்வதற்கு எளிதாயிருந்தது என்ற ஒரே காரணத்துக்காக 'நல்' சுட்டியைச் சேர்த்தார். 2009இல் லண்டன் மாநாடொன்றில் அதையே தம் நூறு கோடி டாலர் தவறு என்றார். தொகை குறைவு என்பாரும் உளர்.

இனி வகை. செய்யுளில் எழுத்துக் குறைவதற்கு இலக்கணத்தார் வைத்த மூன்று பெயர்கள் இங்கு அப்படியே பொருந்துகின்றன. ஆர்டரே வராதது முதற்குறை. ஆர்டர் வந்து முகவரி வராதது இடைக்குறை. எல்லாம் வந்து பின்கோடு மட்டும் வராதது கடைக்குறை.

மூன்றில் கூச்சல் போடுவது முதலும் இடையும். இல்லாத முகவரியிடம் பின்கோடு கேட்டால் ஜாவாஸ்கிரிப்ட் அந்த இடத்திலேயே பிழை எறிந்து நின்றுவிடும். கடைக்குறையோ பரம சாது. 'அன்டிஃபைன்ட்' என்ற மதிப்பாக உருமாறி, யாரையும் தொந்தரவு செய்யாமல், நாலு ஃபங்ஷன் தாண்டி, கூரியர் லேபிளில் ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் அச்சாகும். ஆகவே கூச்சலின் அளவை வைத்துக் கேட்டின் அளவைக் கணிப்பது கூடாது என்க.

இக்குறைகளுக்கு மருந்தாக வந்தது கேள்விக்குறிப் புள்ளி. க்ரூவி மொழியில் முன்பே இருந்தது. 2015இல் சி ஷார்ப் 6 ஏற்றது; அதே ஆண்டு இறுதியில் ரூபி 2.3 வேறு குறியில் ஏற்றது. ஜாவாஸ்கிரிப்ட் 2020 பதிப்பில்தான் தரத்தில் சேர்த்தது. இடப்பக்கம் இருப்பது இல்லையென்றால் சங்கிலியின் மிச்சத்தைத் தொடாமல் அமைதியாகத் திரும்பிவிடும். ஆர்டர்?.வாடிக்கையாளர்?.முகவரி?.பின்கோடு என்று எழுதிவிட்டால் எக்குறை நேர்ந்தாலும் நிரல் விழாது.

அங்ஙனமாயின் எல்லாப் புள்ளிக்கும் முன் கேள்விக்குறி இட்டால் தீராதோ எனின், தீராது. மருந்து செய்வது குறையை நீக்குவதன்று. மூன்று குறையையும் கடைக்குறையாக மாற்றுவது. கூச்சலிட்டவை இரண்டும் சாதுவாகிவிடுகின்றன. சாதுவின் குணத்தை மேலே கண்டோம். அன்றியும் கேள்விக்குறி ஒரு சாட்சியம். 'இது இல்லாமலும் இருக்கலாம்' என்று நிரலர் அடுத்து வருபவருக்குச் சொல்கிறார். ஆர்டரே இல்லாமல் ஒரு ஃபங்ஷனுக்குள் வர வழியில்லை எனில், ஆர்டருக்குப் பின் இட்ட கேள்விக்குறி பொய்ச் சாட்சி. அதை நம்பி அடுத்தவர் இன்னும் நாலு இடுவார். முகவரி தராமல் கடையிலேயே வாங்கிக்கொள்வது நடைமுறையில் உண்டு. எனவே முகவரிக்குப் பின் இடுவது மெய்ச் சாட்சி. கேள்விக்குறியை அஞ்சி இடுபவர், அறிந்து இடுபவர் என நிரலர் இருவகைப்படுவர். முன்னவரே மிகுதி.

இடத்தால் வகுத்தோம்; இனித் தன்மையால். சாவியே இல்லாதது வாராமை. சாவி வந்து, உள்ளே 'நல்' இருப்பது வெறுங்கை. இரண்டும் ஒன்றே என்பார்க்குப் பைத்தான் பாடம் நடத்தும். அங்கே முகவரி இல்லாவிட்டால் வெற்று அகராதியைக் கொடு என்று 'கெட்' முறைக்கு மாற்று மதிப்பு சொல்லி, அதன்மேல் பின்கோடு கேட்பது வழக்கம். வாராமைக்கு அது செல்லும். எதிர்த்தரப்பு முகவரி என்ற சாவியை அனுப்பி, உள்ளே பைத்தானின் 'நல்'லாகிய 'நன்' வைத்திருந்தால் மாற்று மதிப்பு எட்டிக்கூடப் பார்க்காது, சாவிதான் இருக்கிறதே. அடுத்த 'கெட்' அந்த 'நன்'னிடம் போய் மோதி விழும். சோதனைத் தரவில் பெரும்பாலும் வாராமையே இருக்கும். வெறுங்கை உற்பத்திச் சர்வரில்தான் வரும்.

மூன்றாவது இன்மைப்போலி: 0, வெற்றுச் சரம், 'ஃபால்ஸ்'. இவை இன்மையல்ல, இன்மை வேடம் பூண்ட உண்மை மதிப்புகள். டெலிவரிக் கட்டணம் இல்லையென்றால் 40 என்பதை ஜாவாஸ்கிரிப்டின் இரட்டைக் கோட்டால் (||) எழுதினால், இலவச டெலிவரி பெற்றவரின் 0 ரூபாயும் 40 ஆகும். இரட்டைக் கேள்விக்குறியால் (??) எழுதினால் வெறுங்கைக்கும் வாராமைக்கும் மட்டுமே மாற்று விழும். இவ்விரண்டையும் அடைப்புக்குறியின்றிக் கலந்து எழுதினால் ஜாவாஸ்கிரிப்ட் ஏற்பதே இல்லை. அம்மொழி கண்டிப்பு காட்டும் அரிய இடங்களுள் இது ஒன்று.

வகை இத்தோடு முடிந்ததா எனின், 1975இல் அமெரிக்கத் தரக் குழு ஒன்றின் இடைக்கால அறிக்கை பதினான்கு வகை இன்மைகளை எண்ணியது. தொடர்புத் தரவுத்தள மாதிரியை வகுத்த காட் பின்னர் அதை இரண்டாக்கினார்: உண்டு ஆனால் தெரியாது; பொருந்தவே பொருந்தாது. எஸ்கியூஎல் இவற்றையெல்லாம் ஒரே 'நல்'லில் போட்டு மூடிக்கொண்டது. அதன் பலனாக, விலக்கப் பட்டியலில் ஒரே ஒரு 'நல்' கலந்திருந்தாலும் 'நாட் இன்' வினாவுக்கு ஒரு வரியும் திரும்பாது. மருத்துவத் தரவுக்கான எச்எல்7 மட்டும் எதிர்த்திசையில் போயிற்று: கேட்டும் தெரியவில்லை, கேட்கவேயில்லை, தற்போது கிடைக்கவில்லை, உண்டு ஆனால் மறைக்கப்பட்டது, பொருந்தாது என அதன் பட்டியல் நீளும். மிகை என்று நகைப்பவர், நோயாளியின் ஒவ்வாமை விவரம் ஏன் வெறுமையாக இருக்கிறது என்று ஊசி கையிலிருக்கும்போது யோசித்துப் பார்க்கட்டும்.

ஆதலின் வகை அறிய வேண்டிய இடம் தரவு நுழையும் வாசல். ஜாட், பைடான்டிக் போன்ற சரிபார்ப்பான்களை அங்கே நிறுத்தி, இருந்தே தீர வேண்டியது எது, இல்லாமலும் இருக்கலாம் என்பது எது, மாற்று மதிப்புக்கு உரியது எது என்று ஒருமுறை தீர்த்துவிட்டால் உள்ளே கேள்விக்குறி அருகிவிடும். முதற்குறை வாசலிலேயே கூச்சலிடட்டும்.

ஒன்று எஞ்சியது. வாசலைக் கடந்து வெளியே போகும் இன்மை. ஜேசனாக மாற்றும்போது பொருளுக்குள் இருக்கும் 'அன்டிஃபைன்ட்' சாவியோடு மறையும். அரேக்குள் இருந்தால் 'நல்' ஆகும். ஆர்எஃப்சி 7396 வகுத்த திருத்த முறையிலோ இந்த வேறுபாடு கட்டளையாகவே மாறுகிறது: சாவி வராவிட்டால் பழையதைத் தொடாதே, 'நல்' வந்தால் அழி. தொலைபேசி எண்ணை மட்டும் மாற்ற வந்த படிவம், நிரப்பாத கட்டங்களுக்கெல்லாம் ஒழுங்குக்காக 'நல்' வைத்து அனுப்பினால் முகவரி முழுதும் போய்விடும். பிழைப்பதிவில் ஒரு வரியும் இராது. சர்வர் சொன்னதைத்தானே செய்தது.