மூன்று வருடமா, நான்கு வருடமா?

இலங்கையில் விஞ்ஞானம் படிக்கப் போகிற பிள்ளை இரண்டாம் வருட முடிவில் பிரிகிற பாதையொன்றுக்கு வந்து சேரும். மூன்று வருடத்தோடு வெளியே வந்தால் பொதுப் பட்டம். நான்காம் வருடத்துக்குத் தெரிவானால் சிறப்புப் பட்டம். எங்கள் காலத்தில் ஜெனரல், ஸ்பெஷல் என்போம். இன்றைய பிள்ளைகள் ஒனர்ஸ் என்கிறார்கள். பொதுப் பட்டத்துக்கு 90 கிரெடிட், ஒனர்ஸுக்கு 120 என்று நாட்டின் தகைமைக் கட்டமைப்பு வகுத்திருக்கிறது.

நான் படித்தது போர்க் காலத்தில். 1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய்க்குக் கட்டுப்பாடு, பற்றரிக்குத் தடை. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, கம்பியில் திரியைக் கொளுவி அந்த வெளிச்சத்தில் படித்தோம். ஆய்வுகூடத்திலும் அதே சிக்கனம்தான். நியமிப்புச் செய்யும்போது அளவியிலிருந்து துளி துளியாக விடுவோம். பினோப்தலின் மெல்லிய இளஞ்சிவப்பாக மாறுகிற அந்த ஒரு துளியைத் தாண்டிவிட்டால் திரும்பச் செய்ய இரசாயனம் இருக்காது. என் கை இன்றும் அவ்வளவு நிதானமாக இருக்கிறதென்றால் அது அந்த நாட்களின் பயிற்சி.

ஸ்பெஷலுக்குத் துறைக்கு ஒரு சிலரைத்தான் எடுக்க முடிந்தது. ஒவ்வொருவருக்கும் தனி ஆய்வு, மேற்பார்வைக்கு விரிவுரையாளர், கருவி, இரசாயனம் எல்லாம் வேண்டும். விரிவுரையாளர்கள் பலர் நாட்டைவிட்டே போயிருந்தார்கள். பட்டியல் ஒட்டிய அன்று என் பெயர் அதில் இல்லை. வீட்டில் ஒருவரும் பேசவில்லை. அம்மா மட்டும் "சாப்பிடு ராசா" என்றா.

தெரிவான நண்பனுக்கும் வழி சுகமாக இருக்கவில்லை. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமப் பகுதியே போரால் இடம்பெயர்ந்தபோது, அவன் ஆய்வுக் கொப்பிகளைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு, கொட்டுகிற மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தான். அவன் எடுத்து வந்த பாரத்தில் உடுப்பைவிடக் கொப்பிதான் கூட.

ஜெனரல் முடித்த நாங்கள் பள்ளிக்கூடங்களுக்குப் போனோம். ஆய்வுகூடமே இல்லாத வகுப்புகளில் பௌதிகவியலும் இரசாயனவியலும் படிப்பித்தோம். ஸ்பெஷல் கிடைக்காத எங்களிடம் படித்த பிள்ளைகள் இன்று ஒனர்ஸ் முடித்து, ஆய்வும் செய்கிறார்கள். அதில் எனக்கு நிறைவான பெருமை உண்டு.

இன்று மின்சாரம் உண்டு, கருவிகள் உண்டு, ஆய்வுக் கட்டுரைகள் கைத்தொலைபேசியிலேயே கிடைக்கின்றன. தங்கச்சியின் மகளுக்கு ஒனர்ஸுக்குப் போதிய ஜிபிஏ வந்திருக்கிறது. அவள் கேட்டது: "மாமா, இன்னொரு வருஷம் ஏன்? மூன்றோட முடிச்சிட்டு வெளியில போகட்டோ?" நாங்கள் ஏங்கிய இடத்தை அவள் விட்டுப் போக யோசிக்கிறாள். அவளில் குறை காண மாட்டேன். 2022 பொருளாதார நெருக்கடியில் வீட்டு அடுப்பு எப்படி எரிந்ததென்று பார்த்து வளர்ந்த பிள்ளை அவள்.

ஆனாலும் அவளை மறித்தேன். முதல் மூன்று வருடமும் விடை தெரிந்த கேள்விகளைத்தான் தருகிறார்கள். விடை ஒருவருக்கும் தெரியாத கேள்வியோடு ஒரு பிள்ளையைத் தனியே இருக்க வைப்பது அந்த நான்காம் வருடம்தான்.

வீட்டுக் கஷ்டத்தால் மூன்றோடு நிறுத்தும் பிள்ளையைத் தாழ்வாகப் பேசாதீர்கள். இடம் கிடைத்தும் தயங்குகிற பிள்ளைக்கு, முடிந்தால், அந்த ஒரு வருடச் செலவைச் சொந்தக்காரர் நான்கு பேர் சேர்ந்து பொறுப்பெடுங்கள்.