டார்ச் பெரியப்பா

குழந்தை விழுந்த சத்தம் பெற்றவளுக்குக் கேட்பதற்கு முன்னால் டார்ச் பெரியப்பாவுக்குக் கேட்டுவிடும். பண்ருட்டியில் தெருவுக்கு ஒருவராவது இருப்பார். நெய்வேலியில் வேலை பார்த்து, ரிடையராகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இங்கே வந்து வீடு கட்டிக்கொண்டவர். கையில் மூணு கட்டை டார்ச். நெய்வேலிச் சுரங்கமெல்லாம் திறந்தவெளிச் சுரங்கமாயிற்றே, அந்த வெயிலில் டார்ச்சுக்கு என்ன வேலை என்று கேட்டுவிடக் கூடாது. "நைட் ஷிப்ட் உங்கப்பனா பாத்தான்?" என்பார்.

விழுந்தவன் எல்.கே.ஜி. பையன். பூனையைத் துரத்திக்கொண்டு ஓடி நிலைப்படியில் முட்டிக்கொண்டான். நெற்றியில் கொழுக்கட்டை போலப் புடைப்பு. ஓவென்று அழுதான், அம்மா ஈரத்துணியை வைத்து அழுத்தினாள், பூனை திரும்பி வந்தது, சிரித்தான். கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். பெரியப்பா உள்ளே வந்தார்.

"புள்ளைய தூங்க மட்டும் வுட்ராதம்மா!"

மணி இரண்டு. அந்தப் பையன் தினமும் தூங்கும் நேரம். கண் சொக்கியது. பெரியப்பா விடுவாரா? முகத்தில் தண்ணீர் தெளித்தார். டிவியை அலற விட்டார். அக்குளில் கிச்சுகிச்சு மூட்டினார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இமையைப் பிரித்து டார்ச் அடித்தார். மூளை வேலை செய்கிறதா என்று பார்க்க, "ஏழேழு எவ்ளோடா?" என்றார். விழுவதற்கு முன்பும் அவனுக்கு ஏழாம் வாய்ப்பாடு தெரியாது. அவன் விழிக்க, பெரியப்பா அம்மாவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலில் அவளுக்கு வயிறு கலங்கியது.

பையன் மறுபடி சொக்கினான். கடைசி ஆயுதமாகப் பலாச்சுளை வந்தது. சீசன் நேரம், பண்ருட்டியில் பலாவுக்கா பஞ்சம்? ஒரு சுளை, இன்னொரு சுளை, "இதையும் தின்னுடா ராஜா" என்று மேலும் நாலு. தூக்கமில்லாமல், அழுத களைப்போடு, வயிறு முட்டத் தின்ற பிள்ளை என்ன செய்யும்? செய்தது.

"பாத்தியா! வாந்தி! நா அப்பவே சொன்னேன். கெளம்பு, ஜிப்மருக்கே போயிடலாம்!"

தலையில் அடிபட்ட பிள்ளை தூங்கலாம். வழக்கமான தூக்க நேரமாக இருந்து, எழுப்பினால் முழித்து, அம்மாவை அடையாளம் கண்டு சிணுங்கினால் பயமில்லை. எழுப்பியும் எழாத தூக்கம்தான் ஆபத்து. விழித்திருக்க வைத்தால் மூளைக்குக் காவல் கிடைப்பதில்லை. களைப்பினால் வந்த சோர்வா, அடியினால் வந்த சோர்வா என்று டாக்டருக்கே குழப்பம் வருவதுதான் மிச்சம். டார்ச் விஷயமும் அப்படியே. கண்மணிகள் அளவு மாறி நிற்பது பெரும்பாலும் பிந்தி வருகிற அறிகுறி. அதற்கு வெகு முன்பே பிள்ளையின் நடத்தை காட்டிக்கொடுத்துவிடும்.

பெரியப்பாவை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. "நல்லாத்தான் பேசிக்கிட்டிருந்தான், ராத்திரியே போயிட்டான்" என்று அவர் சொல்லும் கதைக்கு மருத்துவத்தில் இடமுண்டு. 2009 மார்ச்சில் கனடாவின் கியூபெக்கில் பனிச்சறுக்குப் பழகிய நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் விழுந்தார். எழுந்து பேசினார், ஒன்றுமில்லை என்றார். இரண்டு நாள் கழித்து இறந்தார். மண்டையோட்டுக்கும் மூளையுறைக்கும் நடுவே ரத்தம் கட்டியிருந்தது. பெரியப்பா இதையெல்லாம் படித்தவரில்லை. ஆனால் அந்தப் பயம் உண்மையானது. மருமகளுக்குக் காய்ச்சல் என்றால் ராத்திரி ஒரு மணிக்கு மருந்துக்கடைக்காரரை எழுப்புகிறவரும் அவர்தான்.

அதே 2009இல் லான்செட் இதழில் நேதன் கப்பர்மேன் குழுவினரின் ஆய்வு வந்தது. வட அமெரிக்காவில் தலையில் அடிபட்டு அவசர சிகிச்சைக்கு வந்த 42,412 பிள்ளைகளைப் பார்த்தார்கள். கவலைப்படும்படியான மூளைக்காயம் இருந்தது 376 பேருக்கு, நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டதோ ஏறக்குறைய 15,000 பேருக்கு. கதிர்வீச்சு சும்மா போவதில்லை என்பதால், யாருக்கு ஸ்கேன் வேண்டாம் என்று சொல்லத்தான் அந்த ஆய்வே. அதில் ஒரு சங்கதி: இரண்டு வயதுக்குக் கீழ் நெற்றிப் புடைப்பை அவர்கள் ஆபத்துக் கணக்கில் சேர்க்கவில்லை. பக்கவாட்டிலும் உச்சியிலும் பின்மண்டையிலும் வரும் வீக்கத்தைச் சேர்த்தார்கள்.

பெரியப்பாவின் கணக்கு நேர் தலைகீழ். இதைத்தான் பொறுக்க முடிவதில்லை. எட்டு மாதக் குழந்தை மாடிப்படியில் உருண்ட வீட்டுக்கும் அவர் போனார். காதுக்கு மேலே மெத்தென்று வீக்கம், குழந்தை அழாமல் ஒருமாதிரி கிடந்தது. டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "நெத்தியில ஒண்ணுமில்ல. சமத்து, அழவேயில்ல பாரு" என்றார். நல்லவேளை, அந்தத் தாய் அவர் பேச்சைக் கேட்காமல் ஆட்டோ பிடித்தாள். மண்டையில் மயிரிழை விரிசல். இரண்டு நாள் வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். பெரியப்பா அந்தக் கதையை யாரிடமும் சொல்வதில்லை.

பெற்றவர்கள் பார்க்க வேண்டியது வேறு. இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளை மூன்றடிக்கு மேலிருந்து விழுந்ததா, நெற்றி தவிர வேறெங்கும் வீங்கியிருக்கிறதா, நினைவு தப்பியதா, திரும்பத் திரும்ப வாந்தியா, வலிப்பா, காதிலோ மூக்கிலோ ரத்தமோ தண்ணீரோ வருகிறதா, தலைவலி ஏறிக்கொண்டே போகிறதா? எல்லாவற்றுக்கும் மேலே, 'எம்புள்ள எப்பவும் இப்படி இருக்காதே' என்று தாய்க்குத் தோன்றுகிறதா? அந்த ஆய்விலேயே தாய் தகப்பன் சொல்லும் இந்த வார்த்தைக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே கிளம்ப வேண்டும். 108ஐக் கூப்பிடப் பெரியப்பாவின் ஒப்புதல் தேவையில்லை.